மீசையும் மெய்யும்

நகைச்சுவைப் படங்களைத் திறனாய்வுக்கு உரியனவாகக் கருதும் வழக்கம் நம்மிடையே குறைவு. சிரித்தோம், மறந்தோம் என்று எழுந்துவிடுகிறோம். ஆயினும் ஒரு சமுதாயம் எதைக் கண்டு சிரிக்கிறது என்பதில் அதன் மனச்சான்றும் வெளிப்படுகின்றது. இந்நோக்கில், 1979-இல் ரிஷிகேஷ் முகர்ஜி இயக்கிய ‘கோல்மால்’ என்னும் இந்திப் படத்தையும், அதனைத் தழுவி 1981-இல் கே. பாலசந்தர் அளித்த ‘தில்லு முல்லு’வையும் ஒருசேர நோக்குவோம்.

கதை எளியது. மீசையில்லாதவனுக்கு ஒழுக்கமில்லை, விளையாட்டில் நாட்டமுள்ளவன் வேலைக்கு ஆகான் என்று எண்ணும் ஒரு முதலாளி. தங்கையைக் காக்கும் பொறுப்புடன் வேலை தேடும் படித்த இளைஞன். முதலாளி விரும்பும் கோலத்தில் சென்று வேலை பெற்றவன், விளையாட்டுப் போட்டி காணச் சென்ற இடத்தில் அவர் கண்ணில் பட்டுவிடுகிறான். தப்பிக்க வேண்டி, மீசையில்லாத இரட்டைச் சகோதரன் ஒருவனைக் கற்பித்துக் கூறுகிறான். முதலாளியின் மகளோ அந்த இல்லாத சகோதரனையே விரும்புகிறாள். ஒரு பொய்யைக் காக்க ஒன்பது பொய்கள். இறுதியில் வாடகைத் தாய்போல் ஒரு பொய்த்தாயும் வந்து சேர்கிறாள்!

இந்திப் படத்தில் அமோல் பாலேகர் நம் தெருவில் நடக்கும் ஒருவராகவே தோன்றுகிறார். சிரிப்பெல்லாம் முதலாளியாக வரும் உத்பல் தத்தின் சினத்தைச் சுற்றியே எழுகிறது. தமிழில் ரஜினிகாந்த் மீசையை மழித்தது தனிச் செய்தியாயிற்று. விசுவின் உரையாடலும் தேங்காய் சீனிவாசனின் நடிப்பும் படத்தைத் தாங்கினும், எளியவனின் நெருக்கடி நட்சத்திர ஒளியில் சற்றே மங்குகிறது.

பொய்யனைப் படம் போற்றுகிறதா? நாம் அவ்வாறு கருதவில்லை. குற்றமற்ற நன்மை விளையுமெனில் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்றார் வள்ளுவர். இங்கே வேலைக்காகச் சொன்ன பொய்க்கு அவ்விளக்கம் ஓரளவு பொருந்தும்; போட்டி காணத் தாயின் பெயரால் சொன்ன பொய்க்குப் பொருந்தாது. இவ்விரண்டையும் படம் ஒரே சிரிப்பில் கரைத்துவிடுகிறது. இது அதன் குறை.

எனினும் அதன் நகைப்பு ஏழையின்மீது விழாமல், தோற்றத்தைக் கொண்டு மாந்தரை எடைபோடும் செல்வரின்மீதே விழுகிறது. இதுவே அதன் பெருமை. இந்திப் படம் முடிகையில் முதலாளியே மீசையை இழந்து நிற்கிறார். மீசை ஆண்மையின் அடையாளமாக மட்டுமின்றி, சில ஊர்களில் சாதிச் செருக்கின் அடையாளமாகவும் விளங்கும் நம் நாட்டில் இக்காட்சி சிந்தனைக்குரியது.

ஆனால் முதலாளியின் மனம் மாறுவதற்கு மகளின் காதல் தேவைப்பட்டதே! வெள்ளிமலையிலிருந்தும் கல்வராயன் மலையின் பிற சிற்றூர்களிலிருந்தும் இறங்கி, கள்ளக்குறிச்சியிலும் அதற்கப்பாலும் வேலை கேட்டு நிற்கும் இளைஞனுக்கு அத்தகைய வாய்ப்பு ஏது? அவன் உடையையும் பேச்சையும் ஊரையும் கேட்டே கதவுகள் மூடப்படுகின்றன. மெய் சொன்னால் வேலையில்லை என்ற நிலையை உண்டாக்கிவிட்டு, பொய் சொன்னவனை மட்டும் பழித்தல் முறையாகுமோ?

வேலை கொடுக்கும் இடத்தில் இருப்போர் குடும்பத்தோடு இப்படத்தைக் காணட்டும். வயிறு குலுங்கச் சிரித்தபின், தாம் போற்றி வளர்க்கும் ‘மீசை’ யாது என ஒருமுறை கண்ணாடியில் பார்த்துக்கொள்ளட்டும்.