ஒரு முகமும் இரு குருக்களும்

புனிதர்களின் வரலாறுகளை நாம் பக்திக்காகப் படிக்கிறோம். இலக்கியமாகப் படிப்பது அரிது. எழுதியவர் யார், எவருக்காக எழுதினார், எதை நிலைநாட்ட எழுதினார் என்னும் வினாக்களை ஒரு நாவலைக் குறித்து எழுப்பத் தயங்காத நாம், புனிதர் வரலாற்றைக் கையில் எடுத்ததும் அவ்வினாக்களை ஓரமாக வைத்துவிடுகிறோம். இதனால் புனிதருக்குச் சிறப்புக் கூடுவதில்லை. சில வேளைகளில் அவருடைய உண்மை முகமே நமக்குத் தெரியாமற் போய்விடுகிறது. புனித கத்தேரி தெகாக்விதாவின் வரலாற்றில் நிகழ்ந்திருப்பது அதுவே என்பது நம் கருத்து.

திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2012 அக்டோபர் 21 அன்று அவரைப் புனிதராக அறிவித்தார். இன்றைய அமெரிக்க ஐக்கிய நாடும் கனடாவும் அமைந்துள்ள நிலப்பரப்பின் தொல்குடி மக்களுள் அந்நிலைக்கு உயர்த்தப்பட்ட முதல்வர் அவரே. அவர் எழுதிய ஒரு வரியும் நம்மிடம் இல்லை. அவரைப் பற்றி நாம் அறிந்தவை ஏறக்குறைய அனைத்தும், அவர் இறுதி ஆண்டுகளில் வாழ்ந்த பணித்தளத்தில் ஊழியம் செய்த இரண்டு பிரெஞ்சு இயேசு சபைக் குருக்களின் எழுத்துகளிலிருந்தே வருகின்றன. ஒருவர் கிளாட் ஷோஷத்தியேர். அவருடைய நூல் 1695-ஐச் சேர்ந்தது. மற்றவர் பியேர் ஷொலெனெக். 1696-இல் ஒரு வரலாறும், 1715-இல் அதைச் சுருக்கி ஒரு மடலும் எழுதினார். அம்மடல் 1717-இல் இயேசு சபையாரின் புகழ்பெற்ற மறைப்பணி மடல் தொகுதிகளுள் அச்சேறி ஐரோப்பா எங்கும் படிக்கப்பட்டது. (நம் மதுரை மறைத்தளத்திலிருந்து பூஷே முதலிய குருக்கள் எழுதிய மடல்களும் அதே வரிசையில்தான் வெளிவந்தன. ஆகவே இவ்வகை எழுத்து நமக்கு அந்நியமானதன்று.)

கத்தேரி 1656-இல் இன்றைய நியூயார்க் மாநிலத்தில் இருந்த ஒசெர்னெனோன் என்னும் மோகாக் ஊரில் பிறந்தவர். தந்தை மோகாக் தலைவர். தாய் அல்கோன்குவின் இனத்துக் கிறிஸ்தவப் பெண். போரில் சிறைபிடிக்கப்பட்டு அவ்வூருக்குக் கொண்டுவரப்பட்டவர். கத்தேரிக்கு ஏறக்குறைய நான்கு வயதானபோது பெரியம்மை தாக்கியது. தாய், தந்தை, தம்பி மூவரும் மாண்டனர். சிறுமி பிழைத்தார், முகமெல்லாம் தழும்பு, கண்களும் பழுதுபட்டன. இந்நோய் அம்மண்ணில் முன்னர் இருந்ததன்று, ஐரோப்பியருடன் கடல் கடந்து வந்தது. 1666-இல் பிரெஞ்சுப் படைகள் மோகாக் ஊர்களை எரித்தன. மறு ஆண்டு உடன்பாட்டின்பேரில்தான் இயேசு சபையார் அங்கே வந்தனர். நற்செய்தி அவ்வூருக்குள் நுழைந்த வழி இது. இரு ஆசிரியர்களும் இதை மறைக்கவில்லை. ஆனால் கதையின் மையத்தில் வைக்கவுமில்லை.

மோகாக் மக்களிடையே குலம் தாய்வழியாக வந்தது. பல குடும்பங்கள் சேர்ந்து வாழும் நீண்ட மனைகளும், சோளமும் அவரையும் பூசணியும் விளையும் வயல்களும் பெண்களின் பொறுப்பில் இருந்தன. குலத்தலைவர்களைத் தெரிவு செய்வதில் மூத்த தாய்மாரின் குரலே வலியது. ஐரோப்பியப் பெண் அன்று கனவிலும் காணாத உரிமை இது. எனினும் அம்மனைக்கு இறைச்சி வேண்டும். அதைக் கொணர வேட்டையாடும் மருமகன் வேண்டும். மணம் வேண்டாம் என்று சொல்லும் பெண் தன் விருப்பத்தை மட்டும் சொல்லவில்லை, வீட்டின் உணவிலும் கைவைக்கிறார்.

ஷொலெனெக் கூறும் ஒரு நிகழ்ச்சி இவ்விடத்தில் பொருள் பெறுகிறது. கத்தேரியின் உறவினர் ஒரு மாலையில் அவரை அழகுற உடுத்தி அமர்த்துகின்றனர். ஓர் இளைஞன் வந்து அருகில் உட்காருகிறான். சோளக்கூழை அவனுக்குக் கொடு என்கின்றனர். அவர்கள் வழக்கப்படி பெண் கூழைக் கொடுத்துவிட்டால் மணம் முடிந்தது. சூழ்ச்சி விளங்கியதும் கத்தேரி எழுந்து வெளியே ஓடிவிடுகிறார். திருமுழுக்குப் பெறுமுன்னரே அருள் அவருள் கன்னிமையை விதைத்திருந்தது என்பது ஷொலெனெக் தரும் விளக்கம். அதை மறுப்பது நம் நோக்கமன்று. ஆனால் இதே பெண் தாய் தந்தையற்றவர், போர்க்கைதியின் மகள், பார்வை குன்றியவர், சிற்றப்பன் வீட்டில் வளர்ந்தவர். வெளிச்சம் கண்களை வருத்தியதால் போர்வையால் தலையை மூடிக்கொண்டு உள்ளேயே இருந்தவர். போர்வை நூலில் அடக்கத்தின் அடையாளமாகிவிடுகிறது. கண் நோயும் சொல்லப்படுகிறது; ஆனால் அது அடக்கத்திற்குத் துணைசெய்த ஏதுவாகவே சொல்லப்படுகிறது.

ஏன் இப்படி? குடியேறிய பிரெஞ்சுக்காரர் அம்மக்களைக் குறிக்கக் ‘காட்டு மனிதர்’ என்னும் சொல்லையே வழங்கினர். குருக்களும் அச்சொல்லையே எழுதினர். அவ்வினத்துப் பெண்களுக்குக் கற்பு என்பதே தெரியாது என்னும் எண்ணம் பரவியிருந்தது. இவ்வெண்ணத்தை முறியடிக்கவே ஷொலெனெக் எழுதுகிறார். அவர் நோக்கம் நல்லது. ஆனால் எதிரியின் கேள்விக்கே விடை சொல்லிக்கொண்டிருக்கும் நூலில் ஒரு முழு வாழ்க்கை ஒரே ஒரு சான்றாகச் சுருங்கிவிடுகிறது.

1676-இல், உயிர்ப்பு ஞாயிறன்று, ழாக் தெ லாம்பர்வீல் என்னும் குரு அவருக்குத் திருமுழுக்கு அளித்தார். சியென்னா நகர்ப் புனித கத்தரீனாவின் பெயர் இடப்பட்டது. மோகாக் நாவில் அது கத்தேரி ஆயிற்று. மறு ஆண்டு அவர் தம் ஊரைவிட்டு வெளியேறி, மொன்றியால் அருகே இருந்த கிறிஸ்தவ இரோக்குவா மக்களின் ஊரை அடைந்தார். அங்கும் அவருக்கு அமைதி இல்லை. குளிர்கால வேட்டைக்குக் காடு சென்ற குழுவில், ஒருவன் களைத்துத் திரும்பி இரவில் அவர் படுத்திருந்த இடத்தருகே உறங்கிவிட்டான். மனைவி ஐயுற்றாள், ஊர் திரும்பியதும் குருவிடம் முறையிட்டாள். ஷொலெனெக் அழைத்துக் கேட்டார். கத்தேரி கலங்காமல் இல்லை என்றார். அடுத்த ஆண்டு அவர் வேட்டைக்குச் செல்ல மறுத்தார். ஊரில் தங்கினால் பசியைத் தாங்க வேண்டும்; அதை ஏற்றுக்கொண்டார். கணவனில்லாத பெண் பழிச்சொல்லிலிருந்து தப்பக் கொடுத்த விலை இது. ஷொலெனெக் இதைப் பொறுமைக்கு எடுத்துக்காட்டாக மட்டும் கூறிவிட்டுக் கடந்து செல்கிறார். நம்மால் அவ்வளவு விரைவாகக் கடக்க இயலவில்லை.

நூலின் உயிர் வேறோரிடத்தில் இருக்கிறது. மொன்றியாலில் மருத்துவமனைக் கன்னியரைக் கண்டு வந்த கத்தேரி, தம் தோழி மரிய தெரேசா தெகாயாகுவெந்தாவோடும் இன்னொரு பெண்ணோடும் ஓர் எண்ணம் வகுத்தார்: ஆற்றிடைத் தீவு ஒன்றில் குடிசை கட்டி மூவரும் துறவியராய் வாழ்வது. குருவிடம் கேட்டனர். நீங்கள் விசுவாசத்தில் இன்னும் இளையவர்கள், இது ஆகாத காரியம் என்று தடுத்துவிட்டார்கள். நூலில் இது புன்முறுவலுடன் சொல்லப்படும் சிறு செய்தி. நமக்கோ இது சிரிக்கும் செய்தியாகப் படவில்லை. எழுத்தறியாத மூன்று பெண்கள், எவரும் சொல்லித்தராமல், தாங்களே ஒரு சபை தொடங்க முன்வந்தார்கள். பிரெஞ்சுப் பெண்கள் மூவர் இவ்வாறு கேட்டிருந்தால் விடை என்னவாக இருந்திருக்கும்?

தடுக்கப்பட்ட எண்ணம் வேறு வழி தேடிற்று. 1679 மார்ச் 25 அன்று கத்தேரி தனியாகக் கன்னிமை வார்த்தைப்பாடு அளித்தார். அவரும் தெரேசாவும் ஒருவரையொருவர் கசையால் அடித்துக்கொண்டு கடுந்தவம் புரிந்தனர். முட்படுக்கையில் இரவுகள் படுத்தார். தெரேசா வற்புறுத்தியபின் அவர் குருவிடம் சென்று சொல்ல, அவர் முட்களை நெருப்பிலிடுமாறு பணித்தார், கத்தேரி பணிந்தார். குருவுக்கு முன்பே தெரியாமல் பெண்களுக்குள் இவ்வளவு நடந்திருக்கிறது என்பதை ஷொலெனெக் நேர்மையாகவே பதிவு செய்கிறார். அத்தவங்களை நாம் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டோம். படிக்கும்போதே மனம் கூசுகிறது. ஆயினும் ஆசிரியரின் பிடியிலிருந்து நழுவி ஒரு பெண் தம் விருப்பப்படி நடப்பதை இப்பக்கங்களில்தான் காண்கிறோம்.

1680 ஏப்ரல் 17, புனித வாரப் புதனன்று, 24-ஆம் வயதில் கத்தேரி இறந்தார். அருகில் செபித்துக்கொண்டிருந்த ஷொலெனெக் எழுதுவது இது: இறந்து கால் மணி நேரத்தில், தழும்பேறிக் கறுத்திருந்த அம்முகம் நொடியில் அழகும் வெண்மையும் பெற்றது, தாம் வியந்து குரலெழுப்பினார். பின்வந்த வரலாறுகள் எல்லாம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. அவருக்கு வழங்கும் ‘மோகாக்குகளின் லீலி’ என்னும் பெயரிலும் அந்த வெண்மை தொடர்கிறது.

அமைதியான மரணம் முகத்தைத் தெளிவிக்கும். எத்தனையோ மரணப் படுக்கைகளருகே நின்றிருக்கும் நமக்கு அது தெரியும். ஷொலெனெக் பொய் சொன்னார் என்று நாம் கருதவில்லை. நாம் கேட்பது, அழகு என்று எழுதிய பேனா ஏன் அதனுடன் வெண்மையையும் சேர்த்தது என்பது. அன்றைய அமெரிக்காவில் வெண்மை வெறும் நிறமாக இருக்கவில்லை. தெற்கே வர்ஜீனியாவின் ஆங்கிலேயர் 1662-இல், அடிமைத் தாயின் பிள்ளை தாயின் நிலையையே பெறும் என்று சட்டம் இயற்றினர். கறுப்பினப் பெண்ணின் கருப்பையே இவ்வாறு உடைமைக் கணக்கில் சேர்ந்தது. 1667-இல், திருமுழுக்கு அடிமைத்தளையை நீக்காது என்று மற்றொரு சட்டம். கிறிஸ்தவனா இல்லையா என்று கேட்ட உலகம், வெள்ளையனா இல்லையா என்று கேட்கத் தொடங்கிய காலம் அது. கானடாவின் பிரெஞ்சுக் குருக்கள் அச்சட்டங்களை எழுதியவர்கள் அல்லர். ஆனால் அக்காலத்துக் காற்றை அவர்களும் சுவாசித்தார்கள்.

மறையியல் முறைப்படியும் இங்கே ஒரு தடை உண்டு. தாபோர் மலையில் ஆண்டவரின் முகம் ஒளிர்ந்தது, உடை வெண்மையாயிற்று. தோலின் நிறம் மாறியதாக நற்செய்தியாளர் எவரும் கூறவில்லை. உயிர்த்த ஆண்டவர் தோமாவுக்குக் காட்டியது தழும்புகளை. அவை மாட்சியில் அழியாமல் நின்றன. கத்தேரியின் தழும்புகளோ அவர் வாழ்க்கையின் முதல் துயரத்தின் எழுத்து. தாயும் தந்தையும் தம்பியும் மாண்ட நாளின் சுவடு. அவற்றைத் துடைத்தால்தான் விண்ணகத்திற்கு ஏற்றவர் ஆவார் என்பது நம் விசுவாசம் அன்று. இறையன்பால் அவர் பெற்ற புனிதத்திற்கு இந்த வெண்மை தேவையில்லை. தேவைப்பட்டது அவரைப் படிக்கவிருந்த ஐரோப்பியருக்கு. ஆலன் கிரேர் என்னும் கனடா நாட்டு வரலாற்றாசிரியர் 2005-இல் வெளியிட்ட நூல் இவ்விரு குருக்களின் எழுத்துகளைப் பொறுமையாக ஆய்கிறது. ஆங்கிலம் அறிந்தோர் படிக்கலாம்.

இவ்வளவும் சொன்னபின், ஷொலெனெக்கின் மடல் செய்த ஒரு நற்செயலையும் கூறாதிருப்பது நீதியன்று. மெக்சிக்கோவில் அக்காலத்தில் தொல்குடிப் பெண்களைத் துறவுமடங்களில் முழு உரிமையுடைய கன்னியராய் ஏற்கவில்லை. அவர்களுக்கென ஒரு மடம் தொடங்க முயன்றபோது, இப்பெண்களால் கற்பு வார்த்தைப்பாட்டைக் காக்க இயலாது என்று எதிர்ப்பு எழுந்தது. அவ்வேளையில் யுவான் தெ உர்தாசும் என்னும் இயேசு சபைக் குரு, கத்தேரியின் வரலாற்றை ஸ்பானிய மொழியில் பெயர்த்து 1724-இல் மெக்சிக்கோவில் அச்சிட்டார். இதோ ஒரு பெண், இன்னும் என்ன சான்று வேண்டும் என்பது அந்நூலின் வாதம். அதே ஆண்டு கார்ப்புஸ் கிறிஸ்தி மடம் திறக்கப்பட்டது. தீவில் குடிசை கேட்ட மூவரும் மறுக்கப்பட்டு 45 ஆண்டுகள் கழிந்திருந்தன. மடத்தில் சேர விதித்த நிபந்தனைகளுள் இரண்டு: கலப்பற்ற இந்திய இரத்தம், தலைவர் குடியில் பிறப்பு.