கொடுமணல் கற்பதுக்கைகள்

எகிப்தின் கல்லறைகளைப் பார்க்கத் தனி வழிகாட்டி வைத்துக்கொண்டு போகிறார்கள். எங்கள் பொங்கலூரிலிருந்து அவ்வளவு தூரம் போக வேண்டாம். காங்கேயம் தாண்டி நொய்யலின் வடகரைக்குப் போனால் கொடுமணல் ஈமக்காடு. 2000 ஆண்டுக்கும் மேல் பழையது.

எனக்கு வழி காட்டியவர் அங்கே ஆடு மேய்க்கும் பெரியவர். "பாத்து வாங்க கண்ணு, கல்லு மேல கால் வெக்காதீங்க" என்றார். வட்டமாகக் கற்கள், நடுவே கற்பதுக்கை எனும் கல்லறை. பலகைக் கற்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. சாந்துப் பூச்சே இல்லை. ஒரு பலகையில் மட்டும் ஒரு துளை, இடுதுளை என்பார்கள். அதன் விளிம்பைத் தடவிப் பார்த்தேன், உளிபட்ட சொரசொரப்பு இன்னும் இருக்கிறது.

1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கே தோண்டியபோது சூதுபவள மணிகளும், தமிழி எனும் பழந்தமிழ் எழுத்தில் ஆட்பெயர் கீறிய பானை ஓடுகளும் கிடைத்தன. எகிப்தின் செங்கடல் துறைமுகமான குசைர் அல்-கதீமிலும் அதே எழுத்தில் 'சாத்தன்', 'கண்ணன்' என்று ஓடுகள் வந்திருக்கின்றன. நம் ஆட்கள் அங்கே போயிருக்கிறார்கள்! அதை நினைக்கையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். பானை ஓடுகளையும் மணிகளையும் மட்டும் பொறுக்கி வராதீர்கள்.