மதுரையின் மொழியாய்வு மரபுகளும் அவற்றின் அளவுகோல்களும்

மதுரையின் மொழியாய்வு மரபை மதிப்பிடப் புகுவோர் முதலில் மனங்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இலக்கணம், மொழி பயிற்றுதல், இலக்கியத் திறனாய்வு என இன்று மூன்று துறைகளாகப் பிரிந்து நிற்பவை, இங்கு நெடுங்காலம் ஓர் ஆசிரியர் ஒருங்கே செய்த பணியாக இருந்தன. இறையனார் களவியலுக்கு நக்கீரர் பெயரால் வழங்கும் உரை இதற்குத் தக்க சான்று. அகப்பொருள் இலக்கணம் கூறும் 60 நூற்பாக்களுக்கு எழுந்த அவ்வுரை, மாணாக்கனுக்குத் தோன்றக்கூடிய ஐயத்தைத் தானே எழுப்பித் தானே விடையிறுத்து, பாண்டிக்கோவைப் பாடல்களை எடுத்துக்காட்டாகத் தந்து, விதியையும் இலக்கியத்தையும் ஒரே மூச்சில் கற்பிக்கிறது. ஏட்டில் ஏறுமுன் பல தலைமுறை ஆசிரியர் மாணாக்கர் வழியே வாய்மொழியாக வந்ததென்று அவ்வுரையே சொல்லிக்கொள்வதால், வகுப்பறையின் குரல் அதில் இன்றும் கேட்பதில் வியப்பில்லை.

உரை மரபின் வலிமையையும் வழுவையும் ஒருசேரக் காட்டுபவர் மதுரையைச் சார்ந்த நச்சினார்க்கினியர். தொல்காப்பியம், பத்துப்பாட்டு, கலித்தொகை, சீவக சிந்தாமணி ஆகியவற்றுக்கு உரை கண்ட அவர் இல்லையெனில் பழஞ்சொற்கள் பலவற்றின் பொருள் நமக்கு எட்டியிராது. ஆயினும் பத்துப்பாட்டின் நெடிய அகவல்களுக்கு உரை வகுக்கும்போது, தொலைவிலுள்ள அடிகளைப் பெயர்த்தெடுத்து ஓரிடத்தில் சேர்த்துப் பொருள் முடிக்கும் ‘மாட்டு’ என்னும் முறையை அவர் அளவு கடந்து கையாண்டார். மாட்டு என்பது தொல்காப்பியம் செய்யுளுறுப்புகளுள் ஒன்றாக எண்ணுவதே; அதனால் இலக்கண ஆதரவின்றி அவர் இதைச் செய்தாரென்று கூற இயலாது. ஆனால் 103 அடிகளே உடைய முல்லைப்பாட்டில், மாலைக்காலத்தில் விரிச்சி கேட்டலும், தலைவியின் துயரும், பாசறையும், மன்னன் மீளுதலும் புலவர் வைத்த வரிசையிலேயே ஒன்றையொன்று தொடர்ந்து உணர்வை வளர்த்துச் செல்லுகையில், அவ்வரிசையைக் கலைத்துவிட்டுப் பெறும் பொருள் எவ்வளவு தெளிவாயினும் அது வேறொரு பாட்டின் பொருளாகிவிடுகிறது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த மறைமலையடிகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையில் இதனை அஞ்சாது மறுத்து, பாட்டை அதன் போக்கிலேயே படித்துக் காட்டினார். மூலம் எப்படி நிற்கிறதோ அப்படியே நிற்க விட்டுப் பின்னரே விளக்கப் புகுதல் என்னும் அளவுகோல், பாட்டுக்கு மட்டுமன்றிப் பேச்சுக்கும் பொருந்தும். மதுரையில் பின்னர்த் தோன்றிய பள்ளிகள் ஒவ்வொன்றையும் அந்த அளவுகோலால் அளந்து பார்ப்பது தகும்.

மக்கள் பேச்சை இலக்கணத்திற்கு உரிய பொருளாக ஏற்றவர்களில் முதன்மையானவர், மதுரை மிஷன் என வழங்கிய இயேசு சபைப் பணிக்களத்தில் தொண்டாற்றிய வீரமாமுனிவர். செந்தமிழுக்குத் தொன்னூல் விளக்கமும் சதுரகராதியும் தந்த அவரே, அன்றாடம் வழங்கும் தமிழுக்கென்று இலத்தீன் மொழியில் கொடுந்தமிழ் இலக்கணம் ஒன்றைத் தனியே இயற்றினார். கத்தோலிக்கரான அவரது நூல் 1738இல் தரங்கம்பாடியிலிருந்த லுத்தரன் சபையாரின் அச்சகத்தில் அச்சேறியது, மொழி கற்க வேண்டிய தேவை சமயப் பிணக்கையும் கடந்து நின்றதற்குச் சான்று. எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் ஒரே சமூகத்தில் தத்தமக்குரிய இடங்களில் வழங்கும் நிலையை மொழியியலார் ‘இரட்டை வழக்கு’ என்பர். அந்நிலையைக் கோட்பாடாகச் சொல்லாவிடினும், இரண்டுக்கும் இரண்டு இலக்கணம் வேண்டுமென்று நடைமுறையில் ஏற்றுக்கொண்ட வீரமாமுனிவரின் துணிவு, அடுத்த இரண்டு நூற்றாண்டுகளில் தமிழாசிரியர் பலருக்கு வாய்க்கவில்லை.

1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் வேறொரு தேவையை முன்னிட்டு எழுந்தது. ஏடுகள் அழிந்தும் பாடங்கள் திரிந்தும் கிடந்த காலத்தில், நூல்களைத் தேடித் தொகுப்பதும், பிழையற அச்சிடுவதும், அவற்றைப் பயிற்றுவிக்கும் புலவர்களுக்குத் தகுதி வரையறுப்பதும் சங்கத்தின் முதற்கடமைகளாயின. பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என மூன்று படிகளில் அது நடத்திய தேர்வுகள் தமிழகமெங்கும் தமிழாசிரியர்களை உருவாக்கின. ரா. இராகவையங்காரும் அவருக்குப்பின் மு. இராகவையங்காரும் ஆசிரியர்களாக இருந்து நடத்திய ‘செந்தமிழ்’ இதழ், பாடவேறுபாடு, புலவர் காலம், ஊர்ப்பெயர் ஆகியவற்றைச் சான்று காட்டி வழக்காடும் பழக்கத்தைத் தமிழுக்குத் தந்தது. ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910இல் வெளிவந்ததும் சங்கத்தின் ஆதரவால்தான். இதே காலத்தை ஒட்டி, மதுரைக்கு அருகிலுள்ள விளாச்சேரியில் பிறந்து 33 வயதிலேயே மறைந்த பரிதிமாற் கலைஞர் தமிழ் மொழியின் வரலாற்றை ஒரு தனி நூலாக எழுதியதையும், தமிழ் உயர்தனிச் செம்மொழி என நிறுவ முற்பட்டதையும் இங்கே குறிக்காமல் செல்வது முறையாகாது.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பணியும் 1913இல் மதுரையிலேயே தொடங்கிற்று. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த சாண்ட்லர் அதன் முதற்பதிப்பாசிரியராக இருக்க, மு. இராகவையங்கார் முதலிய புலவர்கள் உடன் உழைத்தனர். பின்னர்ச் சென்னைக்கு மாறி, வையாபுரிப் பிள்ளையின் பொறுப்பில் 1936இல் நிறைவெய்திய அப்பேரகராதியின் ஆறு தொகுதிகளில் 1,04,405 சொற்கள் இடம்பெற்றன. வட்டார வழக்குகளும் அதில் இடம்பெற்றனவாயினும், சங்கத்தின் தேர்வுகளும் இதழும் வகுத்த தரத்தில் ஏட்டுத் தமிழே தமிழ். தெருவில் ஒலிப்பது அதன் சிதைவு என்னும் எண்ணம் ஊறியிருந்தது. மூலபாடத்தைப் பேணுவதில் காட்டிய கண்டிப்பை மக்கள் பேச்சைக் கேட்பதில் அச்சங்கம் காட்டவில்லை.

1949இல் தொடங்கிய தியாகராசர் கல்லூரி அந்தப் பண்டித மரபுக்குப் பட்டப்படிப்பின் உருவம் தந்தது. ஔவை துரைசாமிப் பிள்ளை உரை மரபையும், தொல்காப்பியத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து ஆய்ந்த சி. இலக்குவனார் இலக்கண மரபையும் அங்கே வளர்த்தனர். பிழையற எழுதுவதைப் பொதுமக்களுக்கும் உரிய கல்வியாகக் கொண்டு அ.கி. பரந்தாமனார் எழுதிய ‘நல்ல தமிழ் எழுத வேண்டுமா?’ இன்றளவும் இதழாளர் மேசைகளில் இருக்கிறது.

1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் முதல் துணைவேந்தராக அமர்ந்த தெ.பொ. மீனாட்சிசுந்தரனார், பழந்தமிழ்ப் புலமையும் தற்கால மொழியியல் பயிற்சியும் ஒருங்கே உடையவர். அடுத்து வந்த மு. வரதராசனார் மொழிநூலையும் இலக்கிய வரலாற்றையும் எளிய நடையில் எழுதியவர். பின்னர் அப்பொறுப்பேற்ற வ.சுப. மாணிக்கம் அகத்திணையை ஆழ ஆராய்ந்தவர். ஒரு பல்கலைக்கழகத்துக்கு இத்தகையோர் சில ஆண்டு இடைவெளிகளில் துணைவேந்தர்களாக வாய்த்தது அரிது. முத்துச் சண்முகனின் ‘இக்கால மொழியியல்’ போன்ற நூல்களால், பொருள் வேறுபாடு செய்யும் ஒலியலகாகிய ஒலியன், பொருள் தரும் மிகச் சிறிய கூறாகிய உருபன் முதலிய கருத்துகள் தமிழ் வகுப்பறைக்குள் வந்தன. தமிழண்ணல் ஆய்வு முறையியலைக் கற்பிக்கும் நூலையும், சரசுவதி வேணுகோபால் நாட்டுப்புறப் பாடல்கள் பற்றிய ஆய்வையும் அளித்தனர்.

ஒலியனும் உருபனும் வந்ததால் விளைந்த பயன் என்னவென்பதை ஒரு வினைமுற்றைக் கொண்டு காட்டலாம். ‘வந்தார்கள்’ என்பது மதுரை வட்டாரத்தில் ‘வந்தாங்க’ என்றும் ‘வந்தாக’ என்றும் வழங்கும். அதற்கேற்ப ‘அவங்க’ என்பதோடு ‘அவுக’ என்பதும் உண்டு. ‘வந்தாக’ என்று எழுதும் மாணவனைக் கொச்சை என்று ஆசிரியர் திருத்துவதே வழக்கம். ஆனால் வடிவங்களை அருகருகே வைத்துப் பார்த்தால், ‘வாருங்கள்’ என்பதில் ஙகரம் முன்னரே இருப்பதால் ‘வாங்க’ என்பதில் அது ஒலிப்பது இயல்பு; ‘வந்தார்கள்’, ‘அவர்கள்’ ஆகியவற்றிலோ ஙகரம் இல்லை. ரகரமும் ளகரமும் மட்டும் மறைந்த ‘வந்தாக’, ‘அவுக’ என்பன பழைய உருவை நேரே ஒட்டியிருக்க, ‘வந்தாங்க’, ‘அவங்க’ என்பன ‘நீங்கள்’, ‘நாங்கள்’ போன்றவற்றின் ஒப்புமையால் ஙகரம் பெற்றன என்று கருத இடமுண்டு. கொச்சை எனத் தள்ளப்பட்ட வடிவமே ஒழுங்குக்கு நெருங்கியது என்பதை, பேச்சை அது கிடந்தபடி குறித்துக்கொள்ளும் ஆய்வாளரே காண முடியும். எவர், எவரிடம், எவ்வளவு மரியாதையோடு, எந்த வயதில் இவ்விரண்டில் எதைச் சொல்கிறார் என்பது அடுத்த வினா. அதற்கு விடை நூலகத்தில் இல்லை, வீட்டுத் திண்ணையில்தான் உண்டு.

திண்ணை என்னும்போது வில்லாபுரத்தை உள்ளிட்ட தென்மதுரையின் தெருக்களை நினையாதிருக்க முடியாது. தமிழும் சௌராஷ்டிரமும் தெலுங்கும் பேசும் குடும்பங்கள் அடுத்தடுத்து வாழும் இப்பகுதி, மொழித் தொடர்பு எவ்வாறு நிகழ்கிறது என்பதை ஆராய விரும்புவோருக்குக் கைக்கெட்டிய களம். இந்தோ ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்த சௌராஷ்டிரம், குஜராத்திலிருந்து மராட்டிய, தெலுங்கு நாடுகளின் வழியே தெற்கே வந்த நெசவாளர் மொழி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 2,47,702 பேர் அதனைத் தாய்மொழியாகக் குறித்தனர். அதற்குத் தனி எழுத்து உண்டு, தொ.மு. இராமராய் போன்றோர் முயன்று அவ்வெழுத்தில் பாடநூல்களை அச்சிட்டனர். 2008இல் ஒருங்குறியிலும் அது இடம்பெற்றது. ம, ன, ர, ல ஆகியவற்றை மூச்சுக்காற்றோடு ஒலிப்பது இம்மொழியின் சிறப்பு. அவ்வொலிப்பைக் காட்டச் சௌராஷ்டிர எழுத்தில் ‘ஹாரு’ என்னும் தனிக்குறி இருக்கிறது. தமிழ் எழுத்தில் இம்மொழியை அச்சிடுவோர் மேலே சிறிய எண்களையும் பக்கத்தில் இருபுள்ளியையும் இட்டு அக்குறையை நிரப்புகின்றனர். இத்தனை நுட்பமும் நிறைந்த மொழிக்கு அகராதி தொகுத்து 1990இல் வெளியிட்டவர் உசிதா நொரிஹிகோ என்னும் ஜப்பானிய அறிஞர். அவருக்கு நன்றி பாராட்டும் வேளையில், அகமும் புறமும் ஆராய்ந்த மதுரைப் பள்ளிகள் அடுத்த தெருவில் ஒலித்த மொழிக்கு உரிய கவனம் தரவில்லை என்பதையும் வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

இக்குறை மொழி பயிற்றுதலில்தான் கூர்மையாகத் தெரிகிறது. அமெரிக்க இந்திய ஆய்வு நிறுவனம் மதுரையில் நடத்தும் தமிழ் வகுப்புகளுக்கு வரும் வெளிநாட்டு மாணவர்கள், எழுத்துத் தமிழையும் பேச்சுத் தமிழையும் இருவேறு திறன்களாகக் கொண்டு, கடைத்தெருவில் பேசவும் ஏட்டில் படிக்கவும் தனித்தனியே பழகுகின்றனர்; வீரமாமுனிவர் காட்டிய வழி அது. வீட்டில் சௌராஷ்டிரமும், தெருவில் மதுரைத் தமிழும் பேசிவிட்டுப் பள்ளியில் மூன்றாவதாக எழுத்துத் தமிழைச் சந்திக்கும் ஒரு நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கும் அதே வசதி செய்து தரப்பட வேண்டும். அதற்கு முதலில் வேண்டுவது, அப்பிள்ளை பேசுவதைத் திருத்தாமல் பதிவு செய்து, எழுத்துத் தமிழோடு அது எங்கெங்கே ஒத்தும் எங்கெங்கே விலகியும் நிற்கிறதென ஆசிரியருக்குச் சொல்லும் ஒரு சிறிய ஒப்பிலக்கணம். முதுகலை மாணவர் ஒருவர் தென்மதுரையில் ஒரே வீட்டில் பாட்டி, தாய், மகள் ஆகிய மூவரின் பேச்சையும் பதிந்து, யார் யாரிடம் பேசியது என்ற குறிப்போடு ஒலிப்பதிவையும் ஆய்வேட்டுடன் ஒப்படைப்பாராயின், அவ்வொப்பிலக்கணத்தின் முதல் அதிகாரம் எழுதப்பட்டுவிடும்.