காட்டுப் பாட்டியின் கைமருந்து

பொன்முடி மலையடிவாரம், கல்லாறு. காட்டுக்குள் ஓலை வேய்ந்த வீடு. சுற்றிலும் மூலிகைச் செடிகள். காணிப் பழங்குடியைச் சேர்ந்த லட்சுமிக்குட்டி அம்மாவைக் கேரளமே 'வனமுத்தச்சி' என்று பாசத்தோடு அழைக்கிறது.

பேறுகாலம் பார்த்த தாயிடம் கற்ற வைத்தியம். 500 மருந்துகள், அத்தனையும் ஏட்டில் இல்லாமல் நெஞ்சில்! எந்த இலை, எந்த வேர், எவ்வளவு என்று அப்படியே சொல்வார். விஷக்கடி மருந்துக்குப் பெயர்பெற்றவர். நோயாளியிடம் பரிவாகப் பேசுவதும் அவருக்கு வைத்தியத்தில் சேர்த்தி. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

1995-இல் மாநில அரசின் நாட்டு வைத்திய ரத்னா, 2018-இல் பத்மஸ்ரீ. விருதுகள் இருக்கட்டும். மகனைக் காட்டுயானை கொன்ற பிறகும் அந்தக் காட்டை அவர் வெறுக்கவில்லை; அங்கேயேதான் மருந்து பறித்தார்.