கனம் கிருஷ்ணையர் பதங்களில் தலைமகன்

டாக்டர் உ. வே. சாமிநாதையர் இசைவாணர் மூவர் வரலாறுகளைத் தனித்தனி நூல்களாக எழுதினார். அவற்றுள் கோபாலகிருஷ்ண பாரதியார் வரலாற்றை நந்தனார் சரித்திரக் கீர்த்தனையின் பொருட்டுத் தமிழ் பயில்வோரும் நாடுவர். மகாவைத்தியநாதையர் வரலாற்றை இசை பயில்வோர் நாடுவர். 1936இல் வெளிவந்த 'கனம் கிருஷ்ணையர்' என்னும் நூலோ இரு சாராராலும் அரிதாகவே எடுக்கப்படுகின்றது. அதில் வரலாற்றோடு சேர்த்து அளிக்கப்பெற்ற பாடல்களே ஈண்டு எமது ஆய்வுப்பொருள்.

கிருஷ்ணையர் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் விளங்கியவர். இன்றைய அரியலூர் மாவட்டத்தில் அடங்கும் உடையார்பாளையம் சமீனைச் சார்ந்த பெரிய திருக்குன்றத்தில் தோன்றியவர். தஞ்சை அரசவைக்கு வந்த பொப்பிலி கேசவையாவின் வாயிலாகக் கனமார்க்கத்தை அறிந்து, கடும் பயிற்சியால் அதனைக் கைவரப்பெற்றார். கனம், நயம், தேசிகம் என்னும் மூவகைப் பாடுமுறைகளுள் வன்மை மிக்கது அது. அதுவே அவர் பெயருக்கு அடைமொழியும் ஆயிற்று. பாடும் முறையால் வந்த அப்புகழ், பாடல் இயற்றிய புலமையை மறைத்துவிட்டது என்பது எம் கருத்து. குரலின் கனம் அவரோடு போயிற்று. எஞ்சி நிற்பவை பாடல்களே அல்லவோ?

உடையார்பாளையத்துக் கச்சிரங்கர், கச்சிக்கல்யாணரங்கர் ஆகியோரின் ஆதரவில் அவர் பாடிய பதங்களில் தலைவி கூற்றாக அமைந்தவை பல. அவற்றைச் சமீன்தாரைப் புகழ்ந்த சிற்றின்பப் பாட்டு என ஒதுக்குவது எளிது. அவ்வாறு ஒதுக்குவோர் ஓர் இலக்கணச் சிக்கலைக் காணாது போகின்றனர்.

மக்களைப் பற்றிய அகனைந்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த வரம்பு. பிற்காலக் கோவை நூலார் அவ்வரம்பை மீறாமலே புரவலனைப் பாட ஒரு வழி கண்டனர். பாட்டுடைத் தலைவனுக்குப் பெயர் உண்டு; கிளவித் தலைவனுக்குப் பெயர் இல்லை. பாண்டிக்கோவையில் நெடுமாறன் புகழப்படுகின்றான். காதலிப்பவன் அவன் அல்லன். பதத்திலோ இவ்விருவரும் ஒருவராகி விடுகின்றனர். தலைவி ஏங்குவது கச்சிரங்கரையே. பாட்டைக் கேட்டு அவையில் வீற்றிருப்பவரும் அவரே.

உலா நூல்களிலும் பெயர் சுட்டப்பெற்ற மன்னனை மகளிர் காமுறுகின்றனரே எனின், அது கைக்கிளை. ஒட்டக்கூத்தரின் பேதையும் பேரிளம்பெண்ணும் சோழனைக் கண்டு மயங்குவரேயன்றி அவனிடம் கணக்குக் கேட்பதில்லை. பதத்தின் தலைவி கேட்கின்றாள். முன்பு செய்த அன்பை எடுத்துக் காட்டி, இப்போது முகம் பாராமை ஏன் என வினவுகின்றாள். புரவலர் தம்மைப் பாராதிருந்த காலத்தில் கிருஷ்ணையர் தம் குறையைத் தலைவி வாய்மொழியாகப் பாடிய செய்தியைச் சாமிநாதையர் கூறுகின்றார். அவைப் புலவன் நேரே சொன்னால் குற்றமாகும் ஒன்றை ஊடல் என்னும் உரிப்பொருள் சொல்ல இடங்கொடுத்தது. புறத்துப் பாடாண் பொருள் அகத்தின் ஆடையை உடுத்து நிற்கும் இந்நிலைக்குத் தமிழ் இலக்கணத்தில் தனிப்பெயர் இல்லை. தெலுங்கில் க்ஷேத்ரக்ஞர் மூவகோபாலனைப் பாடிய வாய்பாட்டிலேயே தஞ்சை விசயராகவ நாயக்கரையும் பாடினார். அவ்வழக்கு கிருஷ்ணையருக்கு முன்மாதிரியாய் இருந்திருக்கலாம். 'வேலவரே' எனத் தொடங்கும் அவரது பைரவிப் பதத்தில் தலைவன் முருகன். ஆயினும் கடவுளிடம் ஊடுபவளுக்குப் பிழைப்பு பற்றிய அச்சம் இல்லை. சமீன்தாரிடம் ஊடுபவளுக்கு அது உண்டு. சொல்லின் கீழே அவ்வச்சம் கேட்கின்றது.

எல்லாப் பதங்களும் இத்தரத்தன அல்ல. மன்மதன் கணையும் நிலவின் வெம்மையும் வழக்கமாக வந்து போகும் பாடல்களும் உள. அவற்றை இசை தாங்குகின்றது. ஏட்டில் படிப்போர்க்குச் சோர்வே.

இப்பாடல்கள் நிலைத்த வகையும் கருதத்தக்கது. சாமிநாதையரின் தந்தையார் வேங்கடசுப்பையர் கிருஷ்ணையரிடம் குருகுலவாசம் செய்து பயின்றவர். அரியலூரிலும், இன்று பெரம்பலூர் மாவட்டத்தில் உள்ள குன்னத்திலும் அக்குடும்பம் தங்கிய காலங்களில், மகனார் சடகோபையங்கார் முதலியோரிடம் தமிழ் கற்றார். வீட்டில் கேட்டதோ கிருஷ்ணையர் பாட்டு. சங்க நூல்களுக்கு ஏடுகளை ஒப்புநோக்கிய பதிப்பாசிரியருக்கு இங்குத் தந்தையின் குரலே முதன்மையான ஏடாக இருந்தது. பாடங்களில் ஐயம் எழுமிடத்து இதனை மறத்தல் ஆகாது.

வீணை தனம்மாள் மரபினர் பதங்களைப் போற்றி வளர்த்தனர். எனினும் இன்றைய மேடையில் பதம் பெரும்பாலும் கச்சேரியின் இறுதிப் பகுதிக்கு உரியதாய், சரணங்கள் குறைக்கப்பட்டு ஒலிக்கின்றது. தலைவன் பெயர் சரணத்தில் வருமாயின், அது விடுபடுங்கால் கச்சிரங்கரும் மறைகின்றார். அவரிடம் குறை சொன்ன புலவரும் மறைகின்றார். கேட்போர்க்கு எஞ்சுவது பெயரில்லாத ஒருவனை நினைந்து வருந்தும் பெண்ணின் குரல். தொல்காப்பியர் விதி இங்கே யாரும் எண்ணாத வழியில் மீண்டும் நிறைவேறுகின்றது. முழுச் சரணங்களோடு படிக்க விரும்புவோர் 1936ஆம் ஆண்டு நூலையே நாட வேண்டும்.