வெண்குட்டம் என்னும் வழுச்சொல்

நோய்க்குப் பெயரிடுதல் மருத்துவத்தின் முதற்படி. பெயர் செவ்வையாக அமைந்தால், நோயாளி எந்த வாசலுக்குச் செல்லவேண்டும் என்பதை அப்பெயரே காட்டும். பிழைபட அமைந்தாலோ, செல்லவேண்டிய வாசலையே அது அடைத்துவிடும். தமிழில் அவ்வாறு வாசலை அடைத்த சொற்களுள் ஒன்று ‘வெண்குட்டம்’ என்பது. தோலின் நிறம் ஆங்காங்கே நீங்கிப் பால்போல் வெளுக்கும் நிலையைத் தமிழர் இச்சொல்லால் குறித்து வந்தனர். ‘வெண்குஷ்டம்’ என்று வடவெழுத்தோடு சொல்வாரும் உளர். இரண்டும் ஒன்றே, இரண்டும் வழுவே. பேராக் மாநிலத்துத் தோட்டப்புறங்களில் வளர்ந்து, இன்று ஈப்போவிலும் புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் வாழும் முதியோர் நாவில் இச்சொல் இன்னும் வழங்குகின்றது. இதனை ஆராய்வது சொல்லாராய்ச்சி மட்டுமன்று. மக்களின் தன்மதிப்பைப் பற்றிய ஆராய்ச்சியும் ஆகும்.

முதற்கண் இருவகை நோயின் இயல்பையும் அறிதல் வேண்டும். தொழுநோய் ஒரு நுண்ணுயிரால் வருவது. நார்வே நாட்டு மருத்துவர் ஆன்சன் 1873ஆம் ஆண்டில் அதனைக் கண்டறிந்தார். அந்நோய் தோலையும் நரம்பையும் தாக்கும். அதனால் தோன்றும் திட்டு சற்றே வெளிறியோ சிவந்தோ இருக்கும். பெரும்பாலும் அவ்விடத்தில் உணர்ச்சி குன்றியிருக்கும். தோல் வெளுப்போ இதனின் முற்றிலும் வேறானது. இதில் நுண்ணுயிர் எதுவும் இல்லை. தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்களை உடம்பின் காப்பாற்றலே பகை என்று மயங்கி அழித்துவிடுகின்றது. வெளுத்த இடத்தில் தொடுவுணர்ச்சி குன்றுவதில்லை, வலியில்லை, விரல்கள் மடங்குவதில்லை, தொட்டாலும் உடன் உண்டாலும் பிறர்க்குப் பரவுவதில்லை. உலக மக்களுள் நூற்றுக்கு அரை முதல் இரண்டு பேர் வரை இந்நிலை உடையவர்கள் என்பது மருத்துவர் கணக்கு. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர்க்கு இருபது வயதுக்குள்ளேயே இது தொடங்கிவிடுகின்றது. பள்ளிக்கும் திருமணத்திற்கும் இடைப்பட்ட பருவம் அது என்பதை நினைவில் நிறுத்துக.

இங்ஙனம் வேறுபட்ட இரண்டிற்கும் ஒரே பெயர் வந்தது எவ்வாறு? வடமொழி மருத்துவ நூல்களில் ‘குஷ்டம்’ என்பது தொழுநோயை மட்டும் குறித்த சொல்லன்று. தோல்நோய் பலவற்றிற்கும் பொதுப்பெயராய் நின்றது. சரகர் பெயரால் வழங்கும் நூல் குஷ்டத்தைப் பதினெட்டு வகையாகப் பகுக்கின்றது. தோல் வெளுப்பையோ ‘சுவித்திரம்’, ‘கிலாசம்’ என்று தனிப்பெயரிட்டு, அவ்வதிகாரத்தின் இறுதியில் வேறாக வைத்து உரைக்கின்றது. பிற்காலத்தில் ‘குட்டம்’ என்னும் சொல்லின் பொருள் சுருங்கித் தொழுநோய் ஒன்றையே சுட்டுவதாயிற்று. பொதுப்பெயராய் இருந்த காலத்தில் பொருந்திய அடை, சிறப்புப் பெயரான பின் பொருந்தாததாயிற்று. ‘வெண்’ என்னும் அடையை நோக்குவார் சிலர். ‘குட்டம்’ என்னும் ஈற்றைக் கேட்டு அஞ்சுவார் பலர்.

இம்மயக்கம் தமிழருக்கே உரியது என்று எண்ணுதல் வேண்டா. விவிலியத்தின் லேவியராகமம் 13ஆம் அதிகாரம் தோலில் தோன்றும் பலவகை மாறுதல்களை ஓர் எபிரேயச் சொல்லால் குறிக்கின்றது. கிரேக்க மொழிபெயர்ப்பாளர் அதற்கு ‘லெப்ரா’ என்று பெயர் வைத்தனர். தமிழில் அது ‘குஷ்டம்’ ஆயிற்று. உடல் முழுதும் வெளுத்துப்போனவன் தூயவன் என்றே அவ்வதிகாரம் கூறுகின்றது. எனினும் பெயர் ஏற்றிய இழிவு நீங்கவில்லை.

ஆயின், பேராக்கில் வாழும் தமிழர்க்கு அண்டை வீட்டிலேயே ஒரு திருத்தம் உண்டு. மலாய் மொழியில் தொழுநோய்க்குக் ‘குஸ்தா’ என்று பெயர். அது நம் ‘குட்ட’த்தின் உடன்பிறப்பு. தோல் வெளுப்புக்கோ ‘சோப்பாக்’ என்னும் வேறொரு சொல்லை மலாய்க்காரர் ஆள்கின்றனர். வடசொல்லைக் கடன் வாங்கியும் அவர்கள் இரண்டையும் கலக்கவில்லை. ஒரே தோட்டத்தில், ஒரே கடைத்தெருவில், ஒரு மொழியில் இரண்டாய் நிற்பது மற்றொரு மொழியில் ஒன்றாய்விட்டது.

சொல் ஒன்றாகிவிட்டால் என்ன கேடு என்று வினவலாம். மலாயாவில் அக்கேடு பெரிது. பேராக் கடற்கரையை அடுத்த பங்கோர் லாவுத் தீவிலும், பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவிலும் முற்காலத்தில் தொழுநோயரைப் பிரித்து வைத்திருந்தனர். 1930ஆம் ஆண்டில் சிலாங்கூரின் சுங்கை பூலோவில் பெரிய தொழுநோயர் குடியிருப்பு அமைந்தது. நோயுற்றாரைக் குடும்பத்தினின்றும் பிரித்து அனுப்பச் சட்டமும் இருந்தது. ‘குட்டம்’ என்ற சொல் அக்காலத் தோட்ட மக்கள் செவியில் மருத்துவச் சொல்லாக ஒலிக்கவில்லை; பிரிவுச் சொல்லாகவே ஒலித்தது. லயத்து வீட்டில் ஒரு பெண்ணின் முழங்கையில் காசளவு வெண்மை தோன்றியது எனக் கொள்வோம். தாய் அதனைத் தோட்டத்து டிரசரிடம் காட்டுவாளா, மறைப்பாளா? மறைப்பதே இயல்பு. பால்மரம் வெட்டச் செல்கையில் முழுக்கைச் சட்டையும் தலைத்துணியும் உடலை மறைத்துவிடும். திருவிழாவிலும் திருமண வீட்டிலும் மறைப்பதற்கு வழியில்லை. ஆதலின் அவள் திருவிழாவுக்குச் செல்வதை விடுவாள். பின்பு பள்ளியை விடுவாள். இறுதியில் கண்ணாடி முன் நிற்பதையும் விடுவாள். தொட்டால் பரவாத நோய் தொடாமலே ஒரு வாழ்வைச் சுருக்கிவிடுகின்றது. மீனும் பாலும் சேர்த்து உண்டதால் வந்தது என்பார் ஒருபுறம். முன்வினை என்பார் மற்றொருபுறம். இரண்டிற்கும் மருத்துவச் சான்று இல்லை.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், வீட்டு மனைகளாகியும் போயின. மக்கள் நகர்ப்புறம் வந்தனர். சொல்லும் உடன் வந்தது. கடையில் பொருள் கொடுக்கும் கையும், பணத்தை எண்ணிக் கொடுக்கும் விரலும் நகரத்தில் நாள்தோறும் பிறர் கண்ணில் படுவன. தோட்டத்தில் சட்டைக்குள் ஒளிந்திருந்தது ஈப்போவில் வெளிப்பட்டது.

ரப்பருக்கும் தோல் வெளுப்புக்கும் உள்ள உண்மையான தொடர்பு ஒன்றும் ஈண்டுக் கருதத்தக்கது. 1939ஆம் ஆண்டில் அமெரிக்கத் தோல் பதனிடும் ஆலை ஒன்றில் ரப்பர்க் கையுறை அணிந்து வேலை செய்தவர்களின் கைகள் வெளுத்தன. ஆராய்ந்தபோது, ரப்பர் கெடாதிருக்க ஆலையில் சேர்த்த ஒரு வேதிப்பொருளே காரணம் என்று தெரிந்தது. மரத்தினின்றும் வடியும் பால் அதற்குக் காரணமன்று. பின்னர்ச் சேர்த்த மருந்தே காரணம். சில ரப்பர்ச் செருப்புகளாலும், ஒட்டுப்பொட்டின் பசையில் உள்ள வேதிப்பொருளாலும் இத்தகைய வெளுப்பு தோன்றுவதை இந்திய மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். நெற்றியில் பொட்டிட்ட இடத்தில் வெண்மை தோன்றினால் பொட்டை மாற்றுவதே முதற்பணி. ‘குட்டம்’ என்று அஞ்சி வீட்டினுள் இருப்பவர்க்கு இச்சிறு செய்தியைச் சொல்வார் யார்? பெயர் காரணத்தைத் தேடவிடவில்லை. இதுவே அச்சொல் செய்த பெருங்கேடு.

இந்நிலைக்கு மருத்துவம் இல்லை என்பதும் பிழை. முற்றும் தீர்ந்துவிடும் என்று உறுதி கூறுவதும் பிழை. பழைய மருத்துவர் கார்போகரிசியைப் பயன்படுத்தி வெயிலில் நிற்கச் செய்தனர். அவ்விதையில் ஒளியோடு சேர்ந்து வினைபுரியும் பொருள் உண்டு என்பதை இக்கால அறிவியலும் ஒப்புகின்றது. அளவு மீறினால் தோல் கொப்புளிக்கும் என்பதையும் அதுவே எச்சரிக்கின்றது. இன்று பூச்சு மருந்துகளும், குறுகிய அலைவரிசைப் புறவூதா ஒளி மருத்துவமும், வெளுப்பு பரவாது நின்றுவிட்டவர்க்குத் தோல் ஒட்டும் முறையும் உள்ளன. ‘ருக்சோலிட்டினிப்’ என்னும் பூச்சு மருந்துக்கு 2022ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு இசைவளித்தது. முகத்தில் நிறம் மீள்வது எளிது. விரல் நுனியிலும் உதட்டிலும் அரிது. ஒளி மருத்துவத்திற்கு வாரம் இரண்டு மூன்று முறை, பல திங்கள் செல்ல வேண்டும். ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் தோல்நோய்ப் பிரிவு உண்டு. ஆனால் தொலைவிலுள்ள தோட்டத்தினின்றும் இவ்வாறு நகரத்திற்கு வந்து செல்வோர்க்குப் பேருந்துக் கட்டணமும் இழந்த நாட்கூலியும் சுமையே. தொடக்கத்திலேயே மருத்துவம் தொடங்கினால் பயன் மிகும். மறைத்த ஆண்டுகள் அப்பயனைக் குறைத்துவிடுகின்றன. இவ்விழப்பிலும் சொல்லுக்குப் பங்குண்டு.

இனிக் கலையுலகை நோக்குவோம். 1954ஆம் ஆண்டில் வெளிவந்த ‘இரத்தக்கண்ணீர்’ எம். ஆர். இராதாவின் நடிப்புத்திறத்தால் பெரும்புகழ் பெற்றது. நெறி தவறிய ஒருவனுக்குத் தொழுநோய் வருவதாகக் காட்டும் அப்படம், நோயைத் தண்டனையாகவே மக்கள் நெஞ்சில் பதித்தது. கதைக்கு அது வலிவு தந்திருக்கலாம். நோயாளிக்கு அது அநீதி. தீவினைக்குப் பயன் நோய் என்றால், நோயுற்றவரெல்லாம் தீயவர் என்று அன்றோ முடியும்? தோல் வெளுப்புற்றவரும் அதே ‘குட்ட’ப் பெயரால் அத்தீர்ப்புக்கு ஆளாயினர்.

இவ்விடத்து ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. ‘இது குட்டமன்று, ஆதலின் வெறுக்காதீர்’ என்று சொல்லித் தோல் வெளுப்புற்றாரைக் காக்க முனைவோர் பலர். அவ்வாதம் பாதி உண்மை. குட்டமாயின் வெறுக்கலாம் என்பது அதனுள் ஒளிந்து நிற்கும் பொருள். தொழுநோய்க்கும் கூட்டு மருந்து மருத்துவம் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1981ஆம் ஆண்டில் அதனைப் பரிந்துரைத்தது. 1995 முதல் அம்மருந்து விலையின்றிக் கிடைக்கின்றது. மருந்து தொடங்கியபின் அந்நோய் பிறர்க்குப் பரவும் ஆற்றலை விரைவில் இழந்துவிடுகின்றது. இந்தியச் சட்டங்களில் மணமுறிவுக்குக் காரணமாய் இருந்த தொழுநோயை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கிவிட்டது. ஆகவே இரண்டையும் பிரித்துப் பெயரிட வேண்டுவது அறிவு கருதி; ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துவதற்கன்று.

பெயரை மாற்றினால் மட்டும் போதுமா என்பதும் நேரிய வினாவே. மனுநூல் மூன்றாம் அத்தியாயத்தில் பெண் கொள்ளத்தகாத குடும்பங்களைச் சொல்லுமிடத்தில், சுவித்திரம் உடைய குடியையும் குஷ்டம் உடைய குடியையும் தனித்தனியே எண்ணுகின்றது. அங்கே பெயர்கள் பிரிந்தே இருந்தன; ஆயினும் இரண்டிற்கும் ஒரே கதவு அடைக்கப்பட்டது. எனவே நற்பெயர் ஒன்றே நல்லுள்ளத்தைத் தந்துவிடாது. எனினும் தீய பெயர் நல்லுள்ளம் உடையாரையும் பிழைக்கச் செய்யும். பெயர்த் திருத்தம் முடிவன்று; அது தொடக்கம்.

இனி, எப்பெயர் தகும்? சித்த மருத்துவர் வழங்கும் ‘வெண்படை’ பழமையுடையது. ஆனால் ‘படை’ என்றதும் தொற்றும் படர்தாமரையே நினைவுக்கு வரும். ‘வெண்தழும்பு’ என்றால் புண் ஆறிய வடு என்று பொருள்படும். ‘வெண்மறு’ செவிக்கு இனிது. ‘மறு’ குற்றத்தையும் உணர்த்துதலின் ஒதுக்கத்தக்கது. மேனாட்டார் வழங்கும் ‘விட்டிலிகோ’ என்னும் இலத்தீன் சொல்லையும் குறை என்னும் பொருளுடைய வேரினின்றும் வந்ததாகக் கூறுவார் உளர். தமிழ்நாட்டில் கே. உமாபதி தொடங்கிய வெண்புள்ளிகள் விழிப்புணர்வு இயக்கம் இதற்கெனப் பாடுபட்டது. அதன் பயனாக 2010ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு ‘வெண்குஷ்டம்’ என்பதை நீக்கி ‘வெண்புள்ளிகள்’ என்று வழங்க ஆணையிட்டது. உள்ளங்கையளவு பரந்த வெண்மையைப் ‘புள்ளி’ என்பது அளவால் பொருந்தாது என்று இலக்கணம் நோக்குவார் குறை கூறலாம். ஆயினும் மயில் தோகையிலும் மான் உடலிலும் அழகுக்கு இடமாவது புள்ளி. அச்சொல்லில் குற்றமில்லை, தொற்றில்லை, தண்டனையில்லை. ஆதலின் அளவுக் குறையைப் பொறுத்து அதனை ஏற்றலே தகும். மலேசியத் தமிழ் ஏடுகளும், பள்ளிகளும், மருந்தகங்களில் மொழிபெயர்த்து உதவுவோரும் அதனையே வழங்குதல் நன்று.

வள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் ‘பொறி’ இல்லாமை எவர்க்கும் பழியாகாது என்றும், அறிய வேண்டுவன அறிந்து முயலாமையே பழி என்றும் கூறுகின்றார். பரிமேலழகர் ‘பொறி’ என்பதற்கு ஊழ் என்று உரை கண்டார். உடலுறுப்பின் குறை என்று கொள்வாரும் பிற்காலத்தில் உளர். எவ்வுரையைக் கொள்ளினும் முடிவு ஒன்றே: தானே வந்த குறைக்கு எவரும் பழிக்கப்படலாகாது. எஞ்சிய பாதியோ நோயாளியை மட்டும் நோக்கிச் சொன்னதன்று. மறைத்து வாழும் பெண்ணுக்கு முயற்சியைக் கற்பிக்குமுன், அவள் அஞ்சும் சொல்லைக் கைவிடும் முயற்சி அவளைச் சூழ்ந்தோர்க்கு வேண்டும். அறிந்தும் அச்சொல்லை வழங்குவோரையே அப்பழி சாரும்.