கட்டபொம்மனின் மீசை

நடிகர் தாடி வளர்த்தால் போதும், 'புது வேஷத்துக்கான கெட்டப்பு'ன்னு ரசிகர்கள் துப்பறிய ஆரம்பித்துவிடுகிறார்கள். வெட்டி வேலை என்பார்கள். எனக்கு அப்படித் தோணலை.

கோவில்பட்டியிலிருந்து தெற்கே, கி.ரா.வும் கு. அழகிரிசாமியும் பிறந்த இடைசெவலைத் தாண்டினால் கயத்தாறு. 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர். கேமராவுக்கு முந்தைய காலம். ஒப்பிட்டுப் பார்க்க ஃபோட்டோ கிடையாது. 1957-ல் சக்தி கிருஷ்ணசாமியின் நாடகத்தில் சிவாஜி கணேசன் முறுக்கு மீசையோடு மேடையேறினார். 1959-ல் அது சினிமாவாச்சு. பிற்பாடு கயத்தாற்றில் இடம் வாங்கிச் சிலையும் வைத்தார். அந்தச் சிலையில் எனக்குச் சிவாஜிதான் தெரிகிறார்.

நடிப்புக்கு இதைவிடப் பெரிய வெற்றி இல்லை. ஆனா ஒரு இழப்பும் இருக்கு. கதைப்பாடலாகக் கேட்டவர்கள் ஆளுக்கொரு கட்டபொம்மனை மனசுக்குள் வைத்திருந்திருப்பார்கள். கறுப்பா, ஒல்லியா, மாமன் சாடையில்கூட. சிவாஜிக்கு அப்புறம் எல்லாருக்கும் ஒரே முகம். என்னால் வேறொன்றை நினைக்கவே முடியலை.

கெட்டப்பு வெளியாகும்வரை ரசிகர்கள் ஊகிக்கிறார்களே, அந்தக் கொஞ்ச நாள்தான் பாத்திரம் நம்ம கையில் இருக்கிறது. ஊகிக்கட்டும்.